‘ǝ = ə’ என்ற வரி

என் பெயர், தகப்பனார் பெயர், முழு விலாசம் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். வயது முப்பத்தொன்று. மின்னணுவியல் படித்தவன். அறிவிப்புக் குரல்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் ஏழு வருடங்களாகத் தொழில்நுட்பராக வேலை செய்து வருகிறேன். திருமணமானவரா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன், எழுத்தரும் அப்படியே அடித்துவிட்டார், பிறகு நான் சொன்னதன் பேரில் அதை நீக்கி ‘மனைவியை இழந்தவர்’ என்று போட்டிருக்கிறார். பிள்ளைகள் இல்லை. மனைவியின் தாயார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், என்னுடன் குடியிருக்கிறார்.

என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்தேன். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அறிவிப்பு மேசையில் வேலை பார்க்கும் பெண், முப்பத்தாறாம் படுக்கை நோயாளியின் அண்ணனைக் கூப்பிடத் தவறினார் என்று சொல்லி அவரைக் காவலில் வைத்திருக்கிறீர்கள். அவர் தவறவில்லை. கூப்பிட்டார். கூப்பிட்டது வெளியே கேட்காமல் போனதற்கு நான்தான் காரணம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வேலை இப்படி. ஒருவர் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து பல ஆயிரம் வாக்கியங்களைப் படிப்பார். அதிலிருந்து கணினி துண்டுகளை வெட்டி ஒட்டி, அவர் சொல்லாத வாக்கியங்களையும் அவர் குரலிலேயே சொல்லும். ஒவ்வொரு சொல்லும் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை ஒலிப்பு எழுத்துகளில் எழுதி ஒரு கோப்பில் வைத்திருப்போம், அதைச் சொற்பட்டியல் என்போம். என் மனைவி காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒலிப்பு எழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திருமணத்துக்குப் பிறகு பட்டியலைச் சரிபார்க்க எங்கள் நிறுவனத்துக்கு வந்தாள். வந்த இரண்டாவது மாதம், குரல் கொடுக்க வந்திருந்த பெண் பாதியில் நின்றுவிட்டதால் மேலாளர் அவளையே அறைக்குள் அனுப்பினார். அறைக்குள் மின்விசிறி போடக்கூடாது, அது பதிவில் கேட்கும். நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வருவாள், கழுத்தெல்லாம் வியர்த்திருக்கும், வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி போவாள். அலுவலகத்தில் என்னை ஊமையன் என்று கூப்பிடுவார்கள். அவள் ஒலிவாங்கி வழியாக எல்லோருக்கும் கேட்கும்படி, “ஊமையா, எத்தனாவது வாக்கியம்டா? உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு உனக்கும் சேர்த்து நானே பேசித் தொலைக்கறேன்” என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பதிவு பட்டியலில் சேராது என்பதால் அன்றைக்கே அழித்துவிட்டோம்.

அதன் பிறகு ஒரு சிக்கல் வந்தது. பட்டியலில் எந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னாள், எதைக் கணினி ஒட்டியது என்று குறித்து வைக்க அவள் விரும்பினாள். ஒட்டிய சொற்களைப் பிற்பாடு ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிசெய்யலாம் என்பது அவள் எண்ணம். அதற்குப் பட்டியலில் ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டோம். மேலாளர், “கட்டம் சேர்த்தா வாடிக்கையாளர் பக்கம் எல்லாம் உடையும்மா, கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டார்.

அப்போது அவள் ஒரு வழி சொன்னாள். ə என்று ஓர் ஒலிப்பு எழுத்து உண்டு. ஆங்கில e எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும். வாயை முழுதாகத் திறக்காமல் லேசாகச் சொல்லிவிட்டுப் போகிற அகரத்துக்கு அதைப் போடுவோம். இருபது, முப்பது என்று சொல்லும்போது நடுவில் வரும் ‘ப’வில் இருப்பது அதுதான். கணினி எழுத்தைப் படமாக வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வைத்துக்கொள்கிறது, திரையில் நாம் பார்ப்பது அந்த எண்ணுக்கு வரையப்பட்ட உருவம். இந்த எழுத்தின் எண் 0259. ஆனால் இதே உருவத்தில் இன்னோர் எழுத்தும் இருக்கிறது. வேறு சில மொழிகளை எழுதுவதற்காக அதைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அதன் எண் 01DD. திரையில் பார்த்தாலும் தாளில் அச்சடித்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு மட்டும் அவை இரண்டு.

அவள், “நான் வாயால சொன்னதுக்கு அசல். மெஷின் ஒட்டினதுக்கு அதோட ரெட்டை. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றாள். அந்த எழுத்து வராத சொற்களை விட்டுவிட்டோம், பெரும்பாலான சொற்களில் அது வந்தது. இரட்டை எழுத்து வந்தாலும் அசலின் ஒலியையே எடுத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்வதற்காக, ஒலி அட்டவணைக் கோப்பில் நான் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி ‘ǝ = ə’. இடப்பக்கம் இருப்பது 01DD, வலப்பக்கம் இருப்பது 0259. மேலாளரிடம் நாங்கள் இதைச் சொல்லவில்லை.

மருத்துவமனைக்கான பதிவில் படுக்கை எண்களை ஒன்றிலிருந்து முப்பது வரை அவளே சொன்னாள். அதற்கு மேல் தொண்டை கட்டிக்கொண்டது. “முப்பதுக்கு மேல யாரையும் சேத்துக்க வேணாம்னு ஆஸ்பத்திரில சொல்லிடு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். முப்பத்தொன்று முதல் நாற்பத்து நான்கு வரை கணினி ஒட்டியது. ஒவ்வோர் எண்ணும் பட்டியலில் ஒரே சொல், அவற்றில் எல்லாம் இரட்டை எழுத்து.

அதன் பிறகு பதினான்கு மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டாள். நான்காம் நாள் ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்று சொல்லி அதே மருத்துவமனையில், அதே பிரிவில் சேர்த்தார்கள். படுக்கை எண் முப்பத்து நான்கு. தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள். பார்வையாளர் கூடத்தில் அத்தையும் நானும் ஐந்து நாள் உட்கார்ந்திருந்தோம். அந்த ஐந்து நாளும் கூடத்தின் ஒலிபெருக்கியில் அவள் மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, படுக்கை எண் முப்பத்து நான்கு, உறவினர் உள்ளே வரவும் என்று அவள் குரலில் அழைப்பு வந்தது. முப்பத்து என்பதற்கும் நான்கு என்பதற்கும் இடையில் சின்ன வெட்டு ஒன்று இருந்தது. ஒட்டியதில் நான் சரிசெய்யாமல் விட்டது. உள்ளே போனேன். அழுதீர்களா என்று இப்போது ஆய்வாளர் கேட்டார். நினைவில்லை. அந்த வெட்டு எத்தனை மில்லி வினாடி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு பதினெட்டு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். மருத்துவமனைக்கு மட்டும் வேறு குரல் போடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்து, “புரியுதுப்பா. ஆனா ஒப்பந்தத்துல குரல்னுதான் போட்டிருக்கு. ஆள் இருக்காங்களா இல்லையான்னு போடல. நான் என்ன பண்ணட்டும், சொல்லு” என்றார். எழுந்து என் மேசைக்குத் திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, போன திங்கட்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, என் மேசையிலிருந்து மருத்துவமனைக் கணினிக்குள் நுழைந்து அந்த ஒரு வரியை நீக்கினேன். காரணம் கேட்கிறீர்கள். அவள் சொன்னதை மட்டும் அவள் குரலில் சொல்லட்டும் என்று நினைத்தேன். முப்பத்து நான்கு என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. வேறு காரணம் இல்லை. கணினிக்குத் தெரியாத எழுத்து வந்தால் அந்தச் சொல்லை மட்டும், அவளுக்கு முன் அங்கே ஒலித்த பழைய ஆண் குரல் சொல்ல வேண்டும் என்று முன்பே நான் அமைத்திருந்தேன். ஆகவே முப்பதுக்கு மேற்பட்ட எண்கள் ஆண் குரலில் வரும், யாருக்கும் கெடுதல் இல்லை என்று நம்பினேன். ஆனால் அந்தப் பழைய குரலை மருத்துவமனைக்காரர்கள் கேட்டுக்கொண்டபடி எங்கள் ஆட்களே எடுத்துவிட்டிருந்தார்கள். பெண் குரலுக்கு நடுவில் ஆண் குரல் வந்தால் கூடத்தில் சிரிக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். எடுத்த தேதியைப் பிறகு பார்த்தேன். என் மனைவி உள்ளே இருந்த மூன்றாம் நாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், யாரும் என்னிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரியை நீக்கியதும் ஒரு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். ஓட்டினால் எந்தக் குரலிலானாலும் அந்த எண் கேட்கும் என்பதால் ஓட்டவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அத்தை தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி அந்த மருத்துவமனைக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு மாலையில் வருவார். மகள் குரலைக் கேட்கப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை. அறிவிப்பு மேசையில் இருக்கும் பெண்ணைக் கூடத்தில் எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். அவர்தான் அத்தைக்கு மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தவர்.

புதன்கிழமை மாலை அத்தை வந்ததும் வராததுமாகச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

“தம்பி, ரெண்டு நாளா அவ சரியாப் பேசல. படுக்கை எண்ணுங்கறா, அப்புறம் முழுங்கிடறா. உறவினர் வரவும்னு முடிச்சுடறா. யார் உறவினர்னு கூடத்துல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க.”

“எல்லா எண்ணுமா, அத்தை?”

“இல்லப்பா. பெரிய எண் வந்தாத்தான். பாவம், மைக் அக்காதான் எழுந்து ஓடிப் போய் கத்திக் கூப்பிடுது. உடம்பு கிடம்பு சரியில்லையா அவளுக்கு?”

கடைசியில் சொன்னது யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. பழைய குரல் இல்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. மடிக்கணினியைத் திறந்தேன். வரியைத் திருப்பிப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. திருப்பிப் போட்டால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அத்தை பக்கத்து அறையில் இருந்தார். நாளை அலுவலகத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். எனக்குத் தெரிந்த பிறகு, மறுநாள் அது நடக்கும் வரை பதினாறு மணி நேரம் அந்த வரி இல்லாமலேயே இருந்தது என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு வியாழக்கிழமை காலை பத்து ஐந்துக்கு முப்பத்தாறாம் படுக்கையில் இருந்த வெல்டிங் தொழிலாளிக்குக் காலில் ரத்த ஓட்டம் நின்றுவிட்டது. நினைவில்லாமல் இருந்தார். அறுவை சிகிச்சைக்கு அவருடைய அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். மைக் அக்கா எண்ணை அடித்தார். திரையில் ‘அறிவிக்கப்பட்டது’ என்று வந்தது. அந்த நேரத்தில் அவரை மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டார்கள், எழுந்து போய்க் கத்திக் கூப்பிட முடியவில்லை. அண்ணன் கூடத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். ஐம்பது நிமிடம் கழித்து வேறு எதற்கோ வெளியே வந்த செவிலியர் அவரைப் பார்த்தார். தம்பியின் கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. இருபத்து நான்கு வயது என்று செய்தித்தாளில் படித்தேன்.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து எங்கள் நிறுவனத்துக்குக் கேட்டு வந்தார்கள். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு வரி மட்டும் குறைந்திருந்தது. தாளில் அது ‘ə = ə’ என்று இருந்தது. மேலாளர் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்.

“இது என்னப்பா, அதுவே அதுக்குச் சமம்னு ஒரு வரி?”

“தேவையில்லாத வரி சார். சுத்தம் பண்ணும்போது எடுத்தேன்.”

“அதானே. நான் நான்தான்னு எழுதி வெச்ச மாதிரி இருக்கு” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எங்கள் பக்கம் பிழை இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். நான் பொய் சொன்னேன். அன்று மாலை வரியைத் திருப்பிப் போட்டிருக்கலாம், போட்டால் அந்த வரிதான் காரணம் என்று தெரிந்துவிடும் என்பதால் போடவில்லை. வியாழன் முதல் முப்பதுக்கு மேல் உள்ள படுக்கைகளுக்கு ஆள் விட்டுக் கூப்பிடும்படி மருத்துவமனையில் உத்தரவு போட்டுவிட்டார்கள் என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை அத்தை மதியமே திரும்பி வந்துவிட்டார். மைக் அக்காவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றார். “அந்தப் பொண்ணு அடிச்சதை நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன் தம்பி. மூணு, ஆறு. ரெண்டு விரலால அடிச்சுது. நான் சாட்சி சொல்லப் போறேன், எங்க போகணும்?” என்று கேட்டார். அப்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து, இரட்டை, வரி, புதன்கிழமை மூடிய மடிக்கணினி. முடித்ததும் அத்தை, “ஏன்பா அப்படிப் பண்ண?” என்று கேட்டார். அவள் சொல்லாததை அவள் வாயில் வைக்கிறார்கள், அதனால்தான் என்றேன்.

“எது அவ சொன்னது, எது மெஷின் ஒட்டினதுன்னு நீ பிரிச்சுப் பாக்கற. எனக்குக் கேக்கத் தெரியல தம்பி. எனக்கு ரெண்டும் அவதான். ஒரு பிள்ளையோட கால் போச்சு, ஒருத்தி உள்ள இருக்கா. நீ போய்ச் சொல்லு. நீ போகலன்னா நான் போறேன், ஆனா எனக்கு அந்த எழுத்தெல்லாம் சொல்ல வராது.”

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். இன்று திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு இங்கே வந்தேன்.

நான் சொன்னதை ஆய்வாளர் முதலில் நம்பவில்லை. எழுத்தரின் கணினியில் இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காட்டினேன். “தம்பி, ரெட்டைப் பிள்ளைங்கள்ல ஒண்ணு திருடிச்சுன்னு வந்து நிக்கறீங்க. அச்சு அசலா ஒண்ணா இருக்கு. நான் எதைப் பிடிக்கறது?” என்றார். பெண்டாட்டி போன துக்கத்தில் ஊர்ப் பழியை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு, ஆங்கிலத்தில் a-வை A ஆக்குவது போல, இரண்டையும் பெரிய எழுத்தாக மாற்றிக் காட்டினேன். சிறிய எழுத்தில்தான் அவை ஒன்று போல இருக்கும். பெரிய எழுத்தாக்கினால் ஒன்று Ə என்றும் மற்றது Ǝ என்றும் வரும். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து போய் எங்கள் மேலாளரையும் மருத்துவமனைக் கணினிப் பொறுப்பாளரையும் வரச் சொன்னார்.

காத்திருந்தபோது மைக் அக்காவை உள்ளேயிருந்து கூட்டி வந்து எதிர் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான் யார் என்று எழுத்தர் அவரிடம் சொன்னார். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்தம்மா இவர் மாமியாரா? அவங்க பொண்ணு குரலா அது?” என்று எழுத்தரிடம்தான் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஒரு வருஷமா தினம் அவகூடத்தான் வேலை பாத்தேன். ஒரு நாள் லீவு எடுக்காம வர்றாளேன்னு கிண்டல் பண்ணுவேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கு உங்க எண்ண நான் அடிச்சே இருக்க மாட்டேன். எழுந்து போய் உங்க பக்கத்துல நின்னு சொல்லியிருப்பேன்” என்றார். அவருடைய வலது கண் வீங்கியிருந்தது. அடி அல்ல, தூங்காததால் என்று சொன்னார், அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு மேலாளர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வரியைத் திருப்பிப் போட்டால் மட்டும் போதாது, இனி யாரும் இப்படிச் செய்ய முடியாதபடி பட்டியலில் உள்ள எல்லா இரட்டை எழுத்துகளையும் அசலாகவே மாற்றிவிட வேண்டும் என்றார். மருத்துவமனைக்காரரும் அதையே எழுத்தில் கேட்டார். அப்படிச் செய்தால் அவள் சொன்னது எது, ஒட்டியது எது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது, மூலப் பதிவுகளைப் பட்டியல் முடிந்ததும் இடத்துக்காக அழித்துவிட்டோம், இந்த எழுத்து ஒன்றுதான் அடையாளம் என்று சொன்னேன். ஒரு பிரதி எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். பிரதி ஒன்றை ஆதாரமாக முத்திரையிட்டு எடுத்துக்கொள்வோம், அது நீதிமன்றத்துக்குப் போகும், உங்களுக்குத் தர இயலாது என்று ஆய்வாளர் சொன்னார். வேறு ஆளை வைத்துச் செய்யலாம் என்று மேலாளர் சொன்னார். நானே செய்கிறேன் என்றேன்.

01DD வரும் இடத்தில் எல்லாம் 0259 போடும்படி கட்டளை கொடுத்தேன். 2,318 இடங்களில் மாற்றப்பட்டது என்று வந்தது. நான்கு வினாடி ஆனது. மருத்துவமனையின் கூடத்தில் ஆள் நிறுத்தித் தொலைபேசியில் கேட்டபடி, முப்பத்தாறு என்று சோதித்தோம். கேட்கிறது என்றார்கள். முப்பத்து நான்கும் சோதிக்கச் சொன்னார்கள். சோதித்தேன். கேட்கிறது என்றார்கள். மைக் அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிடலாம் என்று ஆய்வாளர் சொன்னார்.

அதன் பிறகு எண் இல்லாமல் வேறு ஏதாவது ஒரு சொல்லையும் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்று ஆய்வாளர் சொன்னார். அந்த எழுத்து வருகிற சாதாரணச் சொல் எது என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது எழுத்தர் தட்டச்சிலிருந்து தலையைத் தூக்கி, “பரவாயில்லைங்கறதுல வருமா சார்?” என்று கேட்டார். வரும், இரண்டாம் எழுத்தான ரகரத்தில் வரும் என்றேன். அடித்தேன். மடிக்கணினியிலேயே ஒலித்தது. அறையில் எல்லோரும் கேட்டார்கள்.

“இது அவங்களே சொன்னதா, மெஷினா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

காலையில் கேட்டிருந்தால் எழுத்தின் எண்ணைப் பார்த்துச் சொல்லியிருப்பேன், இனிச் சொல்ல முடியாது என்று பதில் சொன்னேன். இன்னொரு முறை போட அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். போட்டேன். தெரியவில்லை.

இவ்வளவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டப்பட்டது. எழுத்துகள் வரும் இடங்களில் பக்கத்தில் எண்களையும் போடச் சொன்னேன், போட்டிருக்கிறார்கள். யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் அனைத்தும் உண்மை, எனக்குத் தெரியாதவற்றைத் தெரியாது என்றே சொல்லியிருக்கிறேன்.

(கையொப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(கையொப்பம்)
ஆய்வாளர்